உடைந்த கல்லுக்கும் ஓர் ஈர்ப்பு உண்டு

போன மாதம் ஒரு பொது நூலகத்தின் வாசிப்பறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துப் படியிறங்கும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். கையில் ஓரம் மடங்கிய நோட்டு. அதன் அட்டைக்குள் மூன்று ஹால் டிக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்டேப்ளர் அடித்திருந்தாள்.

"மூணு தடவை எழுதிட்டேன் சார். கடைசித் தடவை ஒன்றரை மார்க்குல போச்சு. வீட்ல இனிமே போதும்கிறாங்க. எனக்கே நான் துண்டு துண்டா ஆயிட்ட மாதிரி இருக்கு."

"தைரியமா இரும்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மூன்று வருட உழைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அந்த இரண்டு சொல் எந்த மூலைக்கு? அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவளைப் போலவே நெஞ்சுக்குள் நொறுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் பதில் சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் சில்வியா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில் அதன் பாதை. வரிசை எண் 87. அதை முதன்முதலில் மனிதக் கண் கண்டது எங்கிருந்து தெரியுமா? நம் நுங்கம்பாக்கத்திலிருந்து.

1866, மே 16. தேதியைப் பார்த்ததுமே உனக்குப் புரியும், கத்திரி வெயில் காலம். பகலெல்லாம் கொதித்த சுவர் ராத்திரியிலும் அனல் கக்கும். அந்தப் புழுக்கத்தில் சென்னை வானாய்வகத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார் நார்மன் போக்சன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். 18 வயதுக்குள்ளேயே இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டவர். 1861-இல் சென்னைக்கு வந்து, 1891-இல் இதே ஊரில் இறக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்.

அந்தக் காலத்தில் சிறுகோள் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பார். புகைப்படத் தகடு இந்த வேலைக்கு வரவில்லை. கணினி இல்லை. வானத்தில் ஒரு சிறு கட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தெரியும் மங்கலான நட்சத்திரப் புள்ளிகளை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று கண்ணில் பட்டால் அதைக் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அது இடம் மாறியிருந்தால் சிறுகோள். அசையாமல் இருந்தால், படம் வரைந்தவர் விட்டுவிட்ட சாதாரண நட்சத்திரம். அத்தனையும் வீண். மறுபடி முதல் கட்டத்திலிருந்து. மேகம் வந்தால் அந்த இரவு போச்சு. நிலா வந்தால் அந்த வாரம் போச்சு.

இப்படித்தான் அவர் சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோளைப் பிடித்தார். அதனால் அதற்குப் பெயரே 'ஆசியா'. பிறகு 1864-இல் சாப்போ. 1866-இல் சில்வியா. 1868-இல் கமிலா. அப்புறம்?

அப்புறம் எதுவும் இல்லை. ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம். அவர் பெயருக்குப் புதிதாக ஒரு சிறுகோள்கூடச் சேரவில்லை. அடுத்தது வேரா. அது கிடைத்தது 1885-இல். கமிலாவுக்கும் வேராவுக்கும் நடுவில் 16 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இந்த எண்ணை நான் ஒருமுறை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதிவிட்டு முடிந்தது என்கிறாயே தாயே, பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகும் அந்த மனிதர் அதே வானத்தில்தான் கண்ணை வைத்திருந்தார்!

சரி, சில்வியாவுக்கு வருவோம். அந்தக் கல்லை நீ கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் உருவம். பூமியைப் போலவோ நிலாவைப் போலவோ அழகான உருண்டை இல்லை. உருளைக்கிழங்கு போல ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் ஒடுங்கியிருக்கிறது. நீளவாக்கில் 350 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நுனியைச் சென்னையில் வைத்தால் மறுநுனி திருச்சியைத் தாண்டிவிடும். நிறம் கரிக்கட்டை. மேலே விழும் சூரிய ஒளியில் சுமார் 4 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. விழுகிற ஒளியும் நமக்குக் கிடைப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். கொடுப்பினை குறைவு, நிறம் கறுப்பு, உருவம் கோணல். நம்மூரில் பிறந்திருந்தால் இதற்கு என்னென்ன பட்டப்பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். அந்தப் பட்டப்பெயர்களைச் சுமந்தே வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

ஆனால் கல்லின் உண்மையான கதை வெளியே இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

2001 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலை உச்சியில், கெக் தொலைநோக்கி வழியாக மைக்கேல் பிரவுன், ஜான்-லுக் மார்கோ என்ற இருவர் சில்வியாவைப் பார்த்தார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு துணைக்கோள்! பிறகு பிராங்க் மார்ஷிஸ் குழுவினர் சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள பெரிய தொலைநோக்கியில் எடுத்த படங்களை ஆராய்ந்தார்கள். இன்னொன்று! 2005 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. இரண்டு துணைக்கோள்கள் உள்ள சிறுகோள் ஒன்றை மனித இனம் அறிந்தது அதுவே முதல் முறை.

துணைக்கோள் இருந்தால் ஒரு பெரிய வசதி உண்டு. அது எவ்வளவு தூரத்தில், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று தெரிந்தால், நடுவில் இருப்பதன் நிறையைக் கணக்குப் போட்டுவிடலாம். போட்டார்கள். நிறையைப் பருமனால் வகுத்தார்கள். வந்த விடை திகைக்க வைத்தது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராம். நம் கோயில் தூணின் கருங்கல் கிட்டத்தட்ட 2.7. தண்ணீர் 1. அவ்வளவு பெரிய மலை, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம்!

அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது? நிறைய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதன் பருமனில் 60 சதவீதம் வரைகூட வெற்றிடமாக இருக்கலாம் என்றார்கள். முன்னொரு காலத்தில் ஏதோ ஒன்று வந்து மோதியிருக்கிறது. இருந்த கோள் நொறுங்கியிருக்கிறது. நொறுங்கிய துண்டுகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று இழுத்து மறுபடி ஒரு குவியலாகச் சேர்ந்திருக்கிறது. நாம் பார்க்கும் சில்வியா அந்தக் குவியல் என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. பிறகு வந்த ஆய்வுகள், நடுப்பகுதி கெட்டியாகவும் மேலடுக்கு துளைகள் நிறைந்தும் இருக்கக்கூடும் என்று இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. எப்படி அடுக்கினாலும் மோதலின் தடயத்தை யாரும் மறுக்கவில்லை. மோதலில் பிறந்த துண்டுகள் இன்றும் ஒரு குடும்பமாக, சில்வியாவின் பாதைக்குப் பக்கத்திலேயே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் நீ நிற்க வேண்டும். இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

நொறுங்கிய துண்டுகளை யார் வந்து ஒட்டினார்கள்? யாரும் வரவில்லை. பசை இல்லை. கயிறு இல்லை. வெளியிலிருந்து ஒரு கை நீளவில்லை. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஈர்ப்பு இருந்தது. மலை அளவு துண்டுக்கும் இருந்தது, மணல் அளவு துண்டுக்கும் இருந்தது. உடைத்த மோதலால் உருவத்தைப் பறிக்க முடிந்தது. இருந்த இடத்தைப் பறிக்க முடிந்தது. ஈர்ப்பைப் பறிக்க முடியவில்லை. ஒரு பொருளை எத்தனை துண்டாக உடைத்தாலும் அதன் ஈர்ப்பும் துண்டுகளோடு போகும். அது பொருளோடு பிறந்தது. துண்டுகள் போதுமான நெருக்கத்தில் இருந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

உனக்கும் அப்படித்தான்! மூன்று தேர்வில் தோற்றாய். சரி. நீ படித்த சரித்திரம் மண்டையை விட்டுப் போய்விட்டதா? மாதிரித் தாள்களில் கணக்குப் போட்டுப் போட்டுப் பழகிய விரல் மறந்துவிட்டதா? விடியற்காலை நாலரைக்கு அலாரம் இல்லாமல் விழிக்கும் பழக்கம் எங்கே போகும்? எல்லாம் கிடக்கிறது. சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவற்றை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வை. நோட்டைத் தூக்கிப் பரணில் போடாதே. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்ஆப் குழுவை விட்டு வெளியேறாதே. வாசிப்பறையில் உன் நாற்காலியை விடாதே. துண்டுகளை நெருக்கத்தில் வைத்திரு. உன் ஈர்ப்பு உன்னோடுதான் இருக்கிறது!

"என் ஈர்ப்பு ரொம்பச் சின்னது சார்" என்பாய். கேள். சில்வியாவின் நிறை பூமியின் நிறையில் கிட்டத்தட்ட நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. பூமியில் 60 கிலோ எடை காட்டும் ஒருவர் அங்கே போய்த் தராசில் ஏறினால் முள் கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். அவ்வளவு பலவீனமான இழுப்பு. அந்த இழுப்பை வைத்துக்கொண்டுதான் அது இரண்டு துணைக்கோள்களைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஒன்று சுமார் 1,350 கிலோமீட்டர் தொலைவில், மூன்றரை நாளைக் கொஞ்சம் தாண்டிய நேரத்தில் ஒருமுறை சுற்றி வருகிறது. மற்றொன்று சுமார் 700 கிலோமீட்டரில், 33 மணி நேரத்துக்கு ஒருமுறை. மோதலில் தெறித்த துண்டுகளிலிருந்துதான் இவையும் உருவாயின என்று கருதுகிறார்கள். தன்னை உடைத்த அடியிலிருந்தே தன் பிள்ளைகளைப் பெற்ற கல் அது.

பிள்ளைகள் என்று சும்மா சொல்லவில்லை. போக்சன் இந்தச் சிறுகோளுக்கு வைத்தது ரோமானியக் கதையில் வரும் ரேயா சில்வியாவின் பெயர். அவள் பெற்ற இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற சூட்டோடு பறித்துக்கொண்டு போய் டைபர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் பிழைக்கின்றன. ஓநாய் பால் கொடுக்கிறது. வளர்ந்து வந்தவர்களில் ஒருவன் ரோம் நகரத்தையே நிறுவுகிறான். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் ரோமுலஸ், ரீமஸ். துணைக்கோள்களுக்கு அந்தப் பெயர்களையே வைத்தார்கள். 1866-இல் வானத்தில் தன்னந்தனிப் புள்ளியாகத் தெரிந்தவளுக்குத் தாயின் பெயர் கிடைத்தது. பிள்ளைகள் கண்ணில் பட 135 வருடமும் 139 வருடமும் ஆயின. ஆனால் அந்த 135 வருடமும் அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்! பார்க்கிற கண்ணாடிக்குச் சக்தி போதவில்லை. உன்னிடம் ஒன்றுமில்லை என்று ஒருவன் சொன்னால், அவன் எந்தக் கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறான் என்று கேள்.

கண்ணாடி என்றதும் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் நினைவு வருகிறது. போக்சனின் மகள், எலிசபெத் ஐசிஸ் போக்சன். 1873 முதல் 1898 வரை 25 வருடம் அங்கே உதவியாளர். மாதச் சம்பளம் 150 ரூபாய். சென்னை மாகாணத்தின் வானிலை அறிக்கைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1886-இல் லண்டனில் உள்ள ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராக்கச் சொல்லி அப்பா அவர் பெயரை முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனத்தைப் புரட்டினார்கள். அதில் உறுப்பினர் என்று வரும் இடத்திலெல்லாம் 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறது, 'அவள்' என்று இல்லை என்றார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது. வேலையில் குறை சொல்லவில்லை, அறிவில் குறை சொல்லவில்லை. இலக்கணத்தில் குறை சொன்னார்கள்! எனக்கு இதை எழுதும்போதே ரத்தம் கொதிக்கிறது.

அவர் என்ன செய்தார்? மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். 1886-க்குப் பிறகும் 12 வருடம் அதே வேலையைச் செய்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். 1920-இல் அதே சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 34 வருடம் கழித்து, 68 வயதில். அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்து, 1872-இல் அதே சங்கத்தில் இடம் பெற்றார். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-இல் நட்ட கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. சென்னையில் இருந்தால் ஒருநாள் அந்தப் பக்கம் போய்விட்டு வா. அந்த வளாகத்தில்தான் இவர்கள் எல்லாம் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்தார்கள்.

இனி அந்தக் கல்லின் பாதை. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான் சொன்னதாகும்.

சிறுகோள் பட்டையில் எல்லா இடத்திலும் கற்கள் இல்லை. சில தூரங்களில் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். சில்வியா கண்ணில் பட்ட அதே 1866-இல், டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்க வானியலாளர் இதற்குக் காரணம் வியாழன் என்று சொன்னார். வியாழன் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சரியாக இரண்டு சுற்று முடிக்கும் தூரத்தில் ஒரு கல் இருக்கிறது என்று வைத்துக்கொள். அது வியாழனை எப்போதும் தன் பாதையின் ஒரே இடத்தில் சந்திக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக ஓர் இழுப்பு. ஒரு இழுப்பு ஒன்றும் செய்யாது. ஆயிரம் முறை, லட்சம் முறை ஒரே இடத்தில் இழுத்தால் பாதை கோணும். கடைசியில் அந்தக் கல் அங்கிருந்தே காணாமல் போகும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பாரே, "என்னம்மா, இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா? எங்க பையன் போன வருஷமே செட்டில் ஆயிட்டான்." ஒருமுறை கேட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும், ஒரே ஆள், ஒரே கேள்வி. அந்த இழுப்புத்தான் பிள்ளைகளைத் தடம் மாற்றுகிறது. பிடித்த படிப்பை விட வைக்கிறது. பிடிக்காத வேலையில் தள்ளுகிறது. அவருடைய பையனின் ஓட்டத்தோடு உன் ஓட்டத்தை நீயே இணைத்துக்கொண்டால், அவர் இழுக்கிற பக்கமெல்லாம் போய்த்தான் தீர வேண்டும்.

சில்வியா அந்தக் காலியான இடத்தைத் தாண்டி, வியாழனுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆம், இன்னும் கிட்டத்தில்! ஆனாலும் அதன் பாதை நிலைத்திருக்கிறது. ஏன்? அது வியாழனின் தாளத்துக்கு ஆடவில்லை. தனக்கென்று ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. ஆறரை வருடத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 16 கிலோமீட்டர் வேகம். பாதை கொஞ்சம் நீள்வட்டம். சூரியனுக்குக் கிட்டே வரும்போது 47 கோடி கிலோமீட்டர், விலகும்போது 57 கோடி. பூமியின் பாதைத் தளத்துக்குச் சுமார் 11 பாகை சாய்ந்து, தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. பெரியவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் சந்திக்கிறார். இழுப்புகள் ஒரே பக்கம் சேர்ந்து குவிவதில்லை.

ஊரை மாற்றச் சொல்லவில்லை, உறவை வெட்டச் சொல்லவில்லை. உன் காலக்கணக்கை உனதாக்கிக்கொள். இருபத்தைந்து வயதுக்குள் வேலை, இருபத்தேழுக்குள் வீடு என்று எவனோ போட்ட கணக்கில் உன் சுற்றை அளக்காதே. பூமிக்கு ஒரு சுற்று ஒரு வருடம். சில்வியாவுக்கு ஆறரை வருடம். அதனால் அதைச் சோம்பேறி என்பாயா? அது போகும் தூரம் அவ்வளவு பெரிது! 1866 மே மாதத்து அந்த இரவிலிருந்து எண்ணினால் இதுவரை 24 சுற்று முடிந்துவிட்டது. இப்போது 25-ஆவது சுற்று நடக்கிறது. உடைந்த உடம்போடுதான். உள்ளே அத்தனை வெற்றிடத்தோடுதான்.

தங்கையே, அந்த ஹால் டிக்கெட்டுகளைக் கிழித்துப் போடாதே. மூன்றும் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நான்காவதற்கும் அதே அட்டைக்குள் இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். வீட்டில் போதும் என்கிறவர்களிடம் சண்டை போடாதே. அவர்களுக்கு உன்மேல் கோபமில்லை, பயம். இந்தக் கட்டுரையை வேண்டுமானால் அப்பாவிடம் படிக்கக் கொடு. அம்மாவிடம் சில்வியாவின் கதையை நீயே சொல், பிள்ளைகள் கிடைத்த இடத்தையும் சேர்த்துச் சொல்.

இன்று மாலை சரியாக ஆறு மணிக்கு உட்கார். ஒன்றரை மார்க்கில் உன்னை வெளியே தள்ளிய அந்தப் பாடத்தையே முதலில் எடு. நடுவில் எழுந்து சாப்பிடு, தண்ணீர் குடி, மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வா. சில்வியா உன் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும். தெரியாவிட்டால் என்ன, மேலே பார்த்துவிட்டு இறங்கி வந்து மறுபடி உட்கார். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 5 மணி 11 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நீ 11 மணி 11 நிமிடத்துக்கு நோட்டை மூடும்போது, அங்கே அந்தக் கரிய மலை ஒரு முழுச் சுற்று சுழன்று முடித்திருக்கும்.